ராவுத்தர் வீட்டுக் கல்லில் இரண்டு வரி

அருப்புக்கோட்டையில் நரிக்குடி பஸ்ஸில் ஏறி இடது பக்கம் சன்னலோரம் உட்காருங்கள். என் வேலை ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு பருத்திக் கிட்டங்கி வரும். நாற்பதடி அகலத்துக்கு நடுவில் ஒரு தூண் கிடையாது. தூண் இல்லாமல் நிற்காது என்று படித்தவர்கள் இரண்டு பேர் காகிதத்தில் எழுதியே கொடுத்தார்கள். நிற்கிறது. அடுத்து கல்யாண மண்டபம். கரிசல் மண் வெடிக்கும், கட்டடத்தைப் பிளந்துவிடும் என்று மூன்று மேஸ்திரிகள் பாதியில் விட்டுப் போன அஸ்திவாரத்தின் மேல் எழுப்பினேன். இன்றுவரை மயிரிழை விரிசல் இல்லை. அப்புறம் பள்ளிக்கூடத்தின் நான்கு வகுப்பறைகள். ஆள் கிடைக்காத கோடையில், என் வீட்டம்மாவே சித்தாளாக நின்று மண் சுமந்து, பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் முடித்தோம். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போனால் மேல்நிலைத் தொட்டி. வீடுகளை எண்ணுவதை நான் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். எனக்கு அப்பன் சொத்து ஒரு மண்வெட்டி, அதுவும் காம்பு இல்லாதது. இதையெல்லாம் சொல்வதற்கு எனக்குக் கூச்சம் இல்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

நம் கொத்தனார் சங்கத்து ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதித் தரும்படி செயலாளர் தம்பி இரண்டு முறை வந்து கேட்டார். இப்போது நம் தொழிலில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் பழைய வீடு என்றால் இடிப்பதற்குத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு, பழசு பழசாகவே இருக்க வேண்டும், ஆனால் ஒழுகக்கூடாது, உதிரக்கூடாது, உள்ளே புதுக் குளியலறை வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள். இளம் கொத்தனார்கள் அதைப் பற்றி எழுதச் சொல்கிறார்களாம். எழுதுகிறேன். எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இருக்கிற ஊரில், காதர் ராவுத்தர் வீட்டு வாசலில், போன மாதம் ஒரு கல் பதித்தார்கள். அதில் என் பெயர் இல்லை.

தொழில் கற்ற காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீனியப்பக் கொத்தனாரிடம் ஏழு வருஷம் இருந்தேன். சுண்ணாம்பு வேலையில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வாயைத் திறந்து எதையும் சொல்லித் தந்தவர் இல்லை. காலையில் வருவார். மேல்துண்டை மடித்துச் செங்கல் அடுக்கின் மேல் வைப்பார். கலவைக்கு வைத்திருக்கும் பீப்பாயில் கையை விட்டு ஒரு சிறங்கை தண்ணீர் எடுத்துக் குடிப்பார். விழுங்கினால் வேலை ஆரம்பம். துப்பினால் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டு ஊருணிக்கு வண்டி கட்ட வேண்டியதுதான். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாதிக்கு மேல் உப்பு. மழைத் தண்ணீர் தேங்குகிற ஊருணி மட்டும்தான் நல்ல தண்ணீர். ஒருநாள் ஐந்து பீப்பாயைத் துப்பினார். வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். கொத்தனார் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான், வீட்டுக்காரரே வண்டி கட்டிக்கொண்டு ஊருணிக்குப் போனார்.

அவரிடமிருந்து பிரிந்து நான் தனியாக எடுத்த முதல் வேலைதான் ராவுத்தர் வீடு.

பெரிய வீடு. மெல்லிய பட்டைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, தேக்கு உத்திரத்தின் மேல் மட்டப்பா என்கிற தட்டைக் கூரை. நடுவில் வானம் பார்த்த முற்றம். பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவரில் ஒரு சின்னக் கதவு. பெண்கள் தெருவுக்கு வராமலே இரண்டு வீட்டுக்கும் போய்வருவார்கள். ராவுத்தரின் மகள் நூர்ஜஹானுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகன் ஜபருல்லா அப்போதுதான் சவுதி போக பாஸ்போர்ட்டோடு நின்றான். சுண்ணாம்புச் சுவர் ஆங்காங்கே மங்கலாக இருந்தது. மேலே சிமெண்டு பூசிவிட்டால் டவுன் வீடு மாதிரி வழவழவென்று இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அந்தக் காலத்தில் சிமெண்டு என்றால் மரியாதை. சீனியப்பக் கொத்தனார் அதைக் கையால் தொடமாட்டார். நான் தொட்டேன்.

அந்த வருஷம் மழை இல்லை. ஊருணியில் குடிப்பதற்கு மட்டும்தான் தண்ணீர் என்று ஊர்க் கட்டுப்பாடு. கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. ராவுத்தர் தோட்டத்தில் புதிதாக போர் போட்டிருந்தார்கள். தண்ணீர் பாய்ந்து வந்தது. வாயில் வைத்தேன். உப்பு. துப்பிவிட்டு, "கலவையக் கலங்கப்பா" என்றேன். கலந்ததும் அந்தத் தண்ணீர். பூசிய சுவர் காயாமல் இறுக வேண்டும் என்று பதினைந்து நாள் குடம் குடமாக ஊற்றியதும் அந்தத் தண்ணீர்.

ராவுத்தர் பத்திரிகை வைக்க மதுரைவரை போய்விட்டு வந்தார். கையில் குடையோடு வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்தார்.

"ஏப்பா இருளப்பா, தண்ணி எங்க எடுத்தீக?"

"ஊருணியிலதாங்கய்யா. தலைவர்கிட்டக் கெஞ்சி வாங்கினேன்."

"அப்பச் சரி" என்றார். மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர்களே எனக்கு அடுத்த வேலைகளைக் கொடுத்தார்கள். அந்த ஒரு சுவரிலிருந்துதான் நான் மேஸ்திரி ஆனேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

காலம் ஓடியது. ராவுத்தர் காலமானார். நூர்ஜஹான் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டது. முன்கூடத்தில் நான்கு தையல் மிஷின் போட்டு, மூன்று பெண்களுக்கு வேலை கொடுத்து, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறது. ஜபருல்லா சவுதியில் முப்பது வருஷம் இருந்துவிட்டு மதுரையில் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடியேறிவிட்டார்.

நான் பூச்சுக் கரண்டியைக் கழுவி வைத்து ஓய்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் நூர்ஜஹானிடமிருந்து போன்.

"அண்ணே, சுவரு பாளம் பாளமா விழுதுண்ணே. தம்பி இடிக்கணும்ங்கிறான். என்னைய மதுரையில மூணாவது மாடிக்கு வரச் சொல்றான். அங்க போயி நான் தம்பி பொண்டாட்டிக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காரணுமா? இந்த வீடு போனா என் மிஷினு போச்சு, என் சோறு போச்சு. நீங்க தொட்ட சுவருண்ணே, நீங்க வந்து பாத்துச் சொன்னா கேப்பான்."

போனேன். எனக்கு முன்பே அங்கே ஒரு பொறியாளர் அம்மா இருந்தார். மதுரையிலிருந்து நூர்ஜஹானே தேடிப் பிடித்து வரவழைத்திருந்தது. பெயர் கயல்விழி. வயது என் கடைசி மகளைவிடக் குறைவு. பழைய வீடுகளைத்தான் பார்ப்பாராம். உனக்கு என்னம்மா தெரியும் என்று எனக்கு வாய்வரை வந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். செருப்பை வாசலிலேயே விட்டார். முதல் அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு கரண்டியின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். பூச்சு கழன்று பொள்ளென்று சத்தம் கேட்கிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார். விரிசல் இருந்த இடங்களில் குறுக்கே சின்னக் கண்ணாடிச் சில்லை ஒட்டி, அதன் பக்கத்தில் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி தெறிக்கும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தோம், ஒரு சில்லுகூட உடையவில்லை. அஸ்திவாரம் கல்லுமாதிரி இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு கண்ணாடித்தாளைச் சதுரமாக வெட்டிச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடினார். இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று, உத்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்று. மறுநாள் மூன்றிலும் உள்பக்கமாக வியர்த்திருந்தது. ஈரம் சுவருக்குள்ளேயே இருக்கிறது. உத்திரங்களில் சுவருக்குள் போகிற முனைகள் மட்டும் உளுத்துப் போயிருந்தன. நடுமரம் ஆணி இறங்காத அளவுக்கு இறுக்கம்.

மதுரையிலிருந்து ஜபருல்லா வந்த அன்று, அவர் எல்லோரையும் முற்றத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "பூச்சு முழுக்க உப்பு இருக்கு சார். பனியில ஈரத்தை இழுக்குது, வெயில்ல கக்குது. ஒவ்வொரு தடவையும் கல்லோட தோலைப் பிச்சுக்கிட்டு வருது. தரையில இருந்து ஏறுற உப்புன்னா வீட்டைச் சுத்தித் தோண்டி, சுவரை அடி அடியா அறுத்து, அடியில தகடு வைக்கணும். அப்பவும் திரும்ப வராதுன்னு நான் உறுதி குடுக்க முடியாது."

"உறுதி இல்லேன்னா எதுக்கும்மா செலவு?" என்றார் ஜபருல்லா. "சனிக்கிழமை இடிக்கிற மிஷின் வரச் சொல்லிட்டேன். அக்கா, நீங்க சாமான் எடுத்து வைங்க."

நூர்ஜஹான் எழுந்து போய்த் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தது. வேண்டுமென்றே வேகமாக மிதித்தது.

பொறியாளர் அம்மா என் பக்கம் திரும்பினார். "ஒண்ணுதான் ஐயா எனக்குப் புரியல. தரை உப்பு இடுப்பு உயரம் ஏறும், மிஞ்சினா நெஞ்சு உயரம். இங்க கூரை வரைக்கும் எப்படி ஏறிச்சு?"

நான் எழுந்து போய், உத்திரத்துக்குக் கீழே பொரிந்து நின்ற ஒரு சில்லைப் பிய்த்து நாக்கில் வைத்தேன். அந்த போர்த் தண்ணீர். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அதே கரிப்பு.

"பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்தேன்.

சன்னலோரம்தான் உட்கார்ந்தேன். என் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்றையும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. கேட்ட ராவுத்தர் இல்லை. கலந்த ஆட்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. சனிக்கிழமை மிஷின் வந்தால் என் உப்பும் லாரியில் ஏறிப் போய்விடும். வாயைத் திறந்தால் இருளப்பன் மேஸ்திரி என்கிற பெயர் என்ன ஆகும்? நான் படிக்காதவன். என்னிடம் சான்றிதழ் கிடையாது. என் பெயர்தான் எனக்குச் சான்றிதழ். அதில் நானே கைவைப்பதா? இன்னொரு பக்கம், அந்தத் தையல் மிஷின் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

இதில் என்னை வீரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு முழு நாள் வீட்டில் சும்மா படுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து ஜபருல்லா வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்துப் போனேன். பொறியாளர் அம்மா தன் கண்ணாடிச் சில்லுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், உப்பு தரையிலருந்து வரல. நான் போட்டது" என்றேன்.

ஜபருல்லா தொப்பியைக் கழற்றியவர் அப்படியே நின்றார். "என்ன மேஸ்திரி சொல்றீக?"

"போர்த் தண்ணி. கலந்ததும் அதுதான், பதினஞ்சு நாள் சுவத்துக்கு ஊத்துனதும் அதுதான்."

"அத்தாகிட்ட ஊருணித் தண்ணின்னு சொன்னீகளே! நான் பக்கத்துல நின்னேன்."

"சொன்னேன். பொய்."

"பெரிய மனுசன்னு வீடு தேடி வரச் சொன்னா..." ஜபருல்லா முற்றத்தில் இரண்டு நடை நடந்தார்.

முன்கூடத்தில் மிஷின் நின்றுவிட்டது. நூர்ஜஹான் கழுத்தில் அளவு நாடாவோடு வாசற்படியில் வந்து நின்றது. "என் கல்யாணத்துக்குப் பூசுன பூச்சாண்ணே?"

"ஆமா தங்கச்சி."

"நாலே வருசத்துல சுவரு அங்கங்க உதுர ஆரம்பிச்சிருச்சு. பொண்ணு வீட்டு லட்சணம் சுவத்துலயே தெரியுதுன்னு என் மாமியா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுச்சு. அந்த மகராசி இப்ப உசுரோட இருந்தா, உங்க கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி முன்னால நிறுத்தியிருப்பேன்."

நூர்ஜஹான் சிரித்தது. சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டது.

பொறியாளர் அம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நோட்டைப் பிரித்தார். "எந்தெந்தச் சுவர் ஐயா? எத்தனை நாள் தண்ணி விட்டீங்க? சுண்ணாம்பைக் கொத்திட்டுப் பூசினீங்களா, அது மேலயேவா?" ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். டாக்டரிடம் நோயாளி சொல்வதுபோலச் சொன்னேன். எழுதி முடித்து ஜபருல்லாவிடம் திரும்பினார். "சார், தரை நல்லா இருக்கு. வியாதி மேல்தோல்ல மட்டும்தான். இப்ப நான் உறுதி குடுக்கிறேன்."

ஜபருல்லா போன் போட்டு, சனிக்கிழமை மிஷின் வேண்டாம் என்றார். என்னிடம் ஒரு நிபந்தனை சொன்னார். "இருக்கறதுலயே மோசமான சுவரு, மேற்குச் சுவரு. அத மட்டும் உங்க கையாலயே உரிச்சுப் பூசுங்க. ஐப்பசி, கார்த்திகை மழை போகட்டும். மார்கழிப் பனி போகட்டும். தையில ஒரு சில்லு உதுந்தாலும் இடிப்பேன். அக்காவும் அப்ப மறுப்பு சொல்லக் கூடாது."

அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்பதை இளம் கொத்தனார்கள் கவனித்துப் படியுங்கள். சுத்தியலை ஓங்கி அடித்துச் சிமெண்டை உடைத்தால் பட்டைச் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். சின்ன உளியைப் படுக்க வைத்து, விளிம்பிலிருந்து நெம்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கை அகலம் போனால் போதும். உரித்த சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, உப்பு கரைந்து உள்ளே போகும். காய்ந்த நார்த்தூரிகையால் தட்டிவிட வேண்டும். அதன் பிறகு பொறியாளர் அம்மா சொன்னது எனக்கே புதுசு. பழைய செய்தித்தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, களிமண் சேர்த்துச் சுவரில் அப்ப வேண்டும். காய்கிறபோது சுவரில் இருக்கிற உப்பைக் கூழ் இழுத்துக்கொள்ளும். உரித்தெடுத்துத் தூரமாகப் போட்டுவிட்டு மறுபடி அப்ப வேண்டும். மூன்று தடவை அப்பினோம். முதல் தடவை உரித்த கூழ் வெயிலில் வெள்ளையாகப் பூத்தது. மூன்றாவது தடவை பூக்கவில்லை.

பிறகு சுண்ணாம்பு. ஊருணித் தண்ணீருக்கு நானே ஊர்க்கூட்டத்தில் போய் நின்று கேட்டேன். இப்போது குழாய்த் தண்ணீர் வருவதால் கொடுத்தார்கள். ஒவ்வொரு பீப்பாயையும் நான் வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் இறக்கினோம். ஒரு மாதம் குழியில் ஊறிய சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். மெல்லிய பூச்சாக மூன்று தடவை பூசினோம். உளுத்த உத்திர முனைகளுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தி, கெட்டதை மட்டும் அறுத்து, பழைய தேக்கிலேயே முனை ஒட்டினோம். மரம் சுவருக்குள் போகிற இடத்தில் விரல் நுழைகிற அளவுக்குக் காற்று விட்டோம்.

மழை வந்தது, பனி வந்தது. நூர்ஜஹான் தினமும் காலையில் மேற்குச் சுவருக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்து, சாயங்காலம் எடுத்து உதறிப் பார்க்குமாம். தை பிறந்ததும் ஜபருல்லா வந்தார். உள்ளங்கையை வைத்துச் சுவர் முழுக்கத் தேய்த்தார். கையைப் பார்த்தார்.

"மத்த சுவரையும் உரிங்க" என்றார்.

இப்போது வீட்டைப் போய்ப் பாருங்கள். முற்றம் அப்படியே இருக்கிறது. மின்கம்பி மரச்சட்டத்துக்குள் ஓடுகிறது. பின்கட்டில் நூர்ஜஹானின் முழங்காலுக்குத் தோதாகப் புதுக் குளியலறை. தையல் மிஷின் நான்கு ஆறாகிவிட்டது. பெண்கள் போய்வருகிற சின்னக் கதவை அடைத்துவிடலாம் என்று ஜபருல்லா சொன்னார். "அடைச்சா நான் சுவரு ஏறிக் குதிச்சுப் போவேன், பாத்துக்க" என்றது அக்கா. கதவு இருக்கிறது.

ஆனால் அந்தக் கதவு இருக்கிற பொதுச் சுவரை மட்டும் நாங்கள் உரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் கல்யாணம். இப்போதுதான் பெயிண்ட் அடித்திருக்கிறோம், உளிச் சத்தம் ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதனால் அந்தச் சுவரில் என் சிமெண்டும் என் உப்பும் இன்னும் அப்படியே இருக்கின்றன. எட்டு வருஷமோ பத்து வருஷமோ, அது பொரியும். அன்றைக்கு நான் இருக்கமாட்டேன். பொறியாளர் அம்மா எந்த ஊரில் இருப்பாரோ. வருகிற மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டுத் தரை உப்பு என்பான். மறுபடி இடிக்கிற மிஷினுக்குச் சொல்லுவார்கள்.

வாசலில் பதித்த கல்லில் ராவுத்தர் பெயர் இருக்கிறது, புதுப்பித்தவர் என்று பொறியாளர் அம்மா பெயர் இருக்கிறது. அவருக்கு அது தகும். என் பெயர் எங்கே என்று ஜபருல்லாவிடம் நேரிலேயே கேட்டேன். "சுண்ணாம்பு வேலைன்னு உங்க பேரச் சேத்துருவோம் மேஸ்திரி. பழச எதுக்குக் கிளறணும்? உங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார். என் மேல் பிரியத்தில்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

என் வேலை எது என்று நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு வரி வேண்டும். முதல் வரி: போர்த் தண்ணீரில் கலந்து சிமெண்டு பூசியது இருளப்பன், பொதுச் சுவரில் இன்னும் இருக்கிறது. இரண்டாவது வரி: உரித்துச் சுண்ணாம்பு பூசியது இருளப்பன். ஒரு வரியை மட்டும் கல்லில் பொறிப்பதாக இருந்தால் முதல் வரியைப் பொறிக்கட்டும். சங்கம் இதைத் தீர்மானமாகப் போட்டு ஜபருல்லாவுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லில் இடம் இல்லை என்று சொல்வார்கள். இருக்கிறது, நான் முழம் போட்டுப் பார்த்துவிட்டேன். பொறியாளர் அம்மாவின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, என் பெயரும் இரண்டு வரியிலும் அதே அளவில் இருக்க வேண்டும்.